தோல் உள்ளே போனது, ஆள் வெளியே நின்றான்

(கடலூர் மாவட்டத்தில் தலித் மாணவர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலைப்பு 'சிதம்பரம் கோயிலும் வழிபாட்டு மரபும்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் கூப்பிட வந்த தம்பி வேற ஒண்ணு சொன்னார். விடுதியில் சண்டையாம். புரட்டாசி ரோகிணியில் நந்தனார் குருபூசை நடத்தணும்னு ஒரு கட்சி. நெருப்பில் இறங்கிப் பூணூலோடு எழுந்து வந்தவனுக்கு நாம எதுக்கு மாலை போடணும்னு இன்னொரு கட்சி. 'அண்ணே, நீங்க வந்து ஒரு முடிவு சொல்லுங்க' என்றார். முடிவு சொல்ல நான் நாட்டாமை இல்லை. ஆனால் அந்தச் சண்டை நல்ல சண்டை. அதற்காகத்தான் வந்தேன்.

கோயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள். நடராசர் தெற்குப் பார்த்து நிற்கிறார். சிற்சபை, கனகசபை, தேவசபை, நிருத்தசபை, ராசசபை என்று ஐந்து சபை. நாளைக்கு ஆறு கால பூசை, ஸ்படிக லிங்கத்துக்கு அபிசேகம். மற்றக் கோயில்களில் மூலவர் உள்ளேயே இருப்பார், உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரில் ஏறித் தெருவுக்கு வந்துவிடுகிறார். அப்புறம் ரகசியம். திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை, வெறும் வெளி, அதன்மேல் தங்க வில்வ மாலை தொங்குகிறது. ஆகாயம்தான் சாமி என்கிறார்கள். சரி. அந்த ஆகாயத்துக்கு முன்னால் ஒரு திரை, அந்தத் திரையை விலக்க ஒரு ஆள், அந்த ஆள் ஒரே ஒரு சமூகத்தில் பிறந்தவராக மட்டுமே இருக்கணும். வழிபாட்டு மரபு என்று சொல்வதில் பாதி இதுதான்.

மீதிப் பாதி சத்தம். பூசை நேரத்தில் போய் நின்று பாருங்கள். மணி, மேளம், முழவு எல்லாம் சேர்ந்து எழும்பும்போது சாமி கும்பிடாதவனுக்கும் உடம்பு சிலிர்க்கும். எனக்குச் சிலிர்த்திருக்கிறது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எதிலிருந்து வருது? தோலிலிருந்து வருது. தோல் எங்கிருந்து வருது?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டாம். சேக்கிழாரே சொல்கிறார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணத்தை எடுத்துப் படியுங்கள். உரை வைத்துக்கொண்டாவது படியுங்கள். பார்ப்பான் எழுதினது, வெள்ளாளன் எழுதினது என்று தூக்கிப் போட்டுவிட்டால் நமக்குத்தான் நட்டம். கொள்ளிடக் கரை ஆதனூர்ச் சேரியை அவர் எழுதுகிறார். பழைய கூரைமேல் சுரைக்கொடி படர்ந்து கிடக்கு. மருத மரத்து நிழலில் உழத்தி ஒரு தோலை விரித்து அதன்மேல் பிள்ளையைத் தூங்க வைத்திருக்கிறாள். மாமரத்துக் கிளையில் வாரால் இழுத்துக் கட்டின பறைகள் தொங்குது. கையில் இரும்பு வளை போட்ட கறுத்த பிள்ளைகள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுதுங்க. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அரசனுக்கு அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் ஒருவர், நம்ம தெருவுக்குள் இவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு நூறு வருசத்துக்கும் முன்னால் ராசராசன் கல்வெட்டில், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில், 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்ற பெயர்கள் வரி நீக்கிய நிலக் கணக்கில் வருகின்றன. தீண்டாமை என்பது அன்றைக்கே அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் ஏறின சொல். சேக்கிழார் அந்தக் கணக்குக்குள் இருக்கிற மனுசரைக் காட்டிவிட்டார். வேணும்னு காட்டினாரோ வேணாம்னு காட்டினாரோ, காட்டிவிட்டார்.

அந்தச் சேரியில் நந்தன் என்ன செய்தான் என்று ஒரு பட்டியல் வருகிறது. சிவன் கோயில்களுக்கெல்லாம் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத் தோல் கொடுத்தான். இழுத்துக் கட்ட வார் கொடுத்தான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தான். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தான். இந்தக் கடைசிப் பொருளைக் கொஞ்சம் கவனியுங்கள். கோரோசனை என்றால் என்ன? மாட்டின் பித்தப்பையில் உறையும் கல். செத்த மாட்டைக் கிழித்தவன் கைக்குத்தான் அது முதலில் கிடைக்கும். கிழித்த கை தீட்டு. அந்தக் கை எடுத்த கல் சாமிக்குப் பூசுகிற வாசனைப் பொருள். பித்தப்பை வரைக்கும் போன கைக்குக் கருவறை வாசப்படி வரைக்கும் போக அனுமதி இல்லை. தீட்டு பொருளில் இல்லை, ஆளில்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? நம்ம எதிரி எழுதின சாட்சி இல்லை, சைவர்களின் பன்னிரண்டாம் திருமுறை.

இது ஏதோ சோழர் காலத்துக் கதை என்று நினைக்காதீங்க. மிருதங்கத்துக்குப் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூணும் வேணும். அதைச் செய்கிற குடும்பங்களைப் பற்றி, பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள், டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வெளியிட இடம் கொடுத்த சென்னைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. வேறு இடத்தில் வெளியிட்டார்கள். மிருதங்கம் மேடையில் ஏறலாம், மிருதங்கத்துக்குத் தோல் இழுத்தவன் கதை மேடையில் ஏறினால் சங்கடம்.

எங்கள் தாத்தா தவிலுக்குத் தோல் கொடுத்தவர். வாங்குகிறவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கல் இருக்குமாம், அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும். காசு அதே கல்லுக்கு வரும். தோலைத் தட்டிப் பார்த்து 'நல்லாயிருக்குடா' என்பார்களாம். தாத்தா இதைக் கோபமாகச் சொல்லமாட்டார். நல்லாயிருக்குன்னு சொன்னதைத்தான் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போ நெருப்புக்கு வருவோம். விடுதிச் சண்டையே நெருப்பைப் பற்றித்தானே.

நந்தன் கதை ஒரே நாளில் எழுதப்பட்டதில்லை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயரை மட்டும் சொல்கிறார். அரை அடி. ஊர், சாதி, தீ எதுவும் கிடையாது. பிறகு நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு எழுதுகிறார். அதில் ஆதனூர் வருது, புலை வருது, தில்லை மூவாயிரவர் கை கூப்புகிறார்கள், இவர் முனியாகிறார். தில்லையம்பலத்தான் அருளால் நடந்தது என்கிறார். நல்லாக் கவனிங்க, நம்பியில் தீக்குழி இல்லை. திருப்புன்கூர் நந்தியும் இல்லை. இதெல்லாம் சேக்கிழார் விரித்து எழுதும்போது வருகிறது. அருள் கிடைத்தது என்று நம்பி ஒரே வார்த்தையில் முடித்ததை, எப்படிக் கிடைத்தது என்று சேக்கிழார் விளக்க வேண்டியிருந்தது. விளக்கப் போனவர் நெருப்பை மூட்டினார்.

அவர் மூட்டின விதமும் நுணுக்கமானது. சேக்கிழாரில் நந்தனை யாரும் தடுக்கவில்லை. 'போடா வெளியே' என்று ஒரு தீட்சிதரும் சொல்லவில்லை. நந்தன் தானாகவே எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறான், தன் பிறப்புதான் தடை என்று தானே மருகுகிறான், தூங்கிவிடுகிறான். கனவில் சாமி வந்து, இந்தப் பிறவி போக நெருப்பில் மூழ்கி, பூணூல் மார்பரோடு வா என்கிறார். அந்தணர்களுக்கும் கனவில் உத்தரவு. அவர்கள் பயந்துகொண்டே வந்து 'ஐயரே' என்று கூப்பிட்டு, தெற்கு மதிலுக்கு வெளியே வாசலுக்கு முன்னால் குழி வெட்டித் தீ வளர்த்துத் தருகிறார்கள். சாதியைப் பிறர் கையில் இருக்கிற பூட்டாகக் காட்டாமல் இவன் உடம்பில் இருக்கிற அழுக்காகக் காட்டுவது, கருத்தியல் வேலை செய்கிற விதம் இதுதான். பூட்டு என்றால் உடைக்கணும்னு தோணும். அழுக்கு என்றால் குளிக்கணும்னு தோணும்.

ஐயரே என்று கூப்பிட்டது குழிக்கு வெளியே, அவன் இன்னும் புலையனாக நிற்கும்போதே. அப்படியே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருக்கலாமே? இதைக் கேட்டால் சைவப் பெரியவர்கள், தீ என்பது ஞானத்தீ, உருவகம் என்பார்கள். இருக்கட்டும். அறுபத்துமூன்று பேரில் நந்தன் ஒருவனை மட்டும் ஏன் சாதி மாற்றி உள்ளே விட வேண்டியிருந்தது? வண்ணாரான திருக்குறிப்புத்தொண்டருக்கும் மீனவரான அதிபத்தருக்கும் பூணூல் போட்டா அனுப்பினார்கள்? உள்ளே போன நந்தனும் அப்புறம் வெளியே வரவில்லை, மறைந்துவிட்டான். நமக்குக் கிடைத்தது கருவறையில் ஒரு முனிவர். சேரிக்குத் திரும்பி வந்து 'நான் பார்த்துட்டேன், நீங்களும் வாங்க' என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை.

திருப்புன்கூரிலும் இதே சங்கதிதான். வைத்தீசுவரன்கோயில் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாங்க, நந்தி ஒதுங்கித்தான் இருக்கு. நந்தி விலகினதை எட்டு நூறு வருசமாகப் பாடுகிறார்கள். விலகின நந்தி வழியாக அவன் பார்க்கத்தான் முடிந்தது, படி ஏறலை. அங்கே குளம் வெட்டினான் என்றும் சேக்கிழார் சொல்கிறார். குளம் வெட்டச் சாமி தடை சொல்லலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி வருகிறார். 1860களின் தொடக்கத்தில் 'நந்தன் சரித்திரக் கீர்த்தனை' அச்சாகிறது. சேக்கிழாரின் நந்தன் ஊர் கொடுத்த பறைத்துடவை நிலத்தை வைத்துப் பிழைத்தவன், அவனுக்கு மேலே ஆண்டை கிடையாது. பாரதியின் நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாள். 'நாளைக்குப் போகிறேன்' என்பது இங்கே பக்தனின் ஏக்கம் மட்டும் இல்லை, ஆண்டையிடம் லீவு கேட்கிற கூலிக்காரன் குரல். நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறான் ஆண்டை. அந்த ஆண்டை சேக்கிழார் காலத்து ஆள் இல்லை, பாரதி மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் தினம் பார்த்த ஆள். 1843இல் வெள்ளைக்காரன் அடிமைச் சட்டம் போட்ட பிறகும் தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் பண்ணையாளாகத்தான் இருந்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்க முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் கதாகாலட்சேபமாக, நாடகமாக, படமாக ஊரெல்லாம் போனது பாரதியின் நந்தன்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள், 1942இல் தண்டபாணி தேசிகர். சனங்கள் அழுதது ஆண்டை படுத்தின பாட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன். முடிவில் மூட்டின நெருப்பு மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் பக்கம் நெருப்புக்கு வேறு வேலை உண்டு. பறையை அடிக்கிறதுக்கு முன்னால் வைக்கோல் போட்டு எரித்து, தோலைக் காட்டிக் காய்ச்சணும். அப்பத்தான் சத்தம் எழும்பும். மழைநாளில் ரெண்டு தடவை காய்ச்சணும். நந்தனுக்குத் தெரிந்த நெருப்பு அதுதான். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினது தெரிந்தவர்களுக்கு, ஞானத்தீ என்ற பேச்சு காதில் ஏறாது.

சரி, நந்தனை அப்படியே அவர்களிடம் விட்டுவிடலாமா? விட்டுவிடாதவர்கள் இருந்திருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தனை ஒரு பௌத்த அரசனாக எழுதுகிறார். சூழ்ச்சியால் கொல்லப்பட்ட அரசன். வரலாறா என்று கேட்டால், ஆதாரம் தேடுகிறவர்களுக்கு அதில் நிறையச் சிக்கல் உண்டு. ஆனால் காவிரிக் கரையில் நந்தன் என்ற நம்ம சாதி ராசா ஒருத்தன் இருந்தான், தோலில் காசு அடித்தான் என்று கதை சொல்லும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். யார் கட்டின கதையோ, கேலிக்காகக்கூட முதலில் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் தோல் காசு பிடித்திருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிற தோல் இல்லை அது. அரசனுடைய முத்திரை குத்தின தோல்.

அம்பேத்கர் 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார். அஞ்சு வருசம் நடந்தது. கதவு திறக்கலை. 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். கோயிலுக்குள் போவது விடுதலை இல்லை என்பதை அதற்குள் தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூன்று பேர் நினைவுக்கு. ரவிதாஸ் காசியில் செருப்புத் தைத்தவர். சோகாமேளா பண்டரிபுரத்து விட்டலனைப் பாடின மகார், அவர் சமாதிகூடப் படிக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த நூல் எதைப் பற்றியது? பௌத்தத்தை விடாதவர்கள், மாட்டிறைச்சியை விடாதவர்கள் எப்படித் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்பதைப் பற்றியது. செத்த மாடும் அதைத் தொட்ட கையும்தான் அதன் விசயம். அதன் முதல் பக்கத்தில் ஆதனூர்க்காரன் பெயர் இருக்கிறது. பக்தி வேண்டாம்னு சொன்ன மனுசன் பக்தனைத் தூக்கிப் போடலை.

நம்ம ஊரிலேயே சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு வந்து, நந்தன் தீயில் இறங்கின இடம் என்று சொல்கிற ஓமக்குளத்தில் மடம் வைத்தார். 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார், விடுதி கட்டினார். சட்டசபைக்குப் போனார், 1959இல் இறந்தார். அவர் காவி கட்டினவர், சைவம் பேசினவர். அதற்காக அவரை நம்ம தோழர்கள் சிலர் ஒதுக்குவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தீக்குழிக் கரையில் கரும்பலகை வைத்த மனுசன். அந்தப் பள்ளியில் படித்து வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கீங்களோ.

இன்றைக்கு நிலவரம். 1947 கோயில் நுழைவுச் சட்டம் வந்தது, 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு வந்தது. கோபுர வாசலில் சாதி கேட்கிறதில்லை. ஆனால் படி உயர உயரக் கேள்வி வருது. 2008 மார்ச் 2ஆம் தேதி சிவனடியார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட அரசாணையும் போலீசும் வேண்டியிருந்தது. தமிழ்ப் பாட்டுக்கே இந்தப் பாடு. 2014 சனவரியில் உச்சநீதிமன்றம் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. 2022 பிப்ரவரியில் கனகசபை ஏறி வழிபடப் போன தலித் பெண் ஒருவர், தன்னைத் தாக்கியதாகவும் சாதியைச் சொல்லித் திட்டியதாகவும் புகார் கொடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. அந்த மே மாதம் கனகசபையில் எல்லாரும் ஏறலாம் என்று அரசாணை. 2023 ஆனித் திருமஞ்சனத்தில் நாலு நாளைக்கு ஏறக்கூடாது என்று பலகை வைத்தார்கள், அதிகாரிகள் போலீசோடு போய் எடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் அறநிலையத்துறைக் கோயில்களுக்குப் பயிற்சி பெற்ற 24 அர்ச்சகர்களைப் பல சாதிகளிலிருந்து நியமித்தபோது அதில் பட்டியல் சாதியினரும் இருந்தார்கள். சிதம்பரம் அந்தத் துறைக்குள் இல்லை. நந்தன் வந்த தெற்கு வாசலை அடைத்துவிட்டார்கள், திறக்கணும் என்று இயக்கங்கள் கேட்கின்றன, தீட்சிதர்கள் மறுக்கிறார்கள். நான் கேட்பது அதற்கும் மேலே. வாசலைத் திறந்தால் போதாது. சாவி யாரிடம், வரவுசெலவுக் கணக்கு யாரிடம், திரை விலக்குகிற கை யாருடையது என்பதுதான் பேச்சு.

இப்போ விடுதி விசயம். மாலை போடுங்க. ஆனால் அந்தச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்தேன், கூப்பின கையோடு நெருப்பில் நிற்கிற படம், மார்பில் பூணூல். அதை இறக்குங்க. அந்த இடத்தில் வைக்கப் படம் இல்லையே என்றால் ஒரு பறையை வைங்க. குருபூசை அன்றைக்குச் சேக்கிழாரின் சேரிப் பாட்டுகளை உரையோடு வாசிங்க, தீக்குழிப் பகுதியையும் மறைக்காம வாசிங்க, வாசித்துவிட்டுச் சண்டை போடுங்க. சாமி கும்பிடுகிற தங்கச்சியைப் பார்ப்பனியத்துக்குப் போய்விட்டாள் என்று கேலி பண்ணாதீங்க. கும்பிடாத தம்பியை நந்தனாருக்குத் துரோகி என்றும் சொல்லாதீங்க.

இன்னொரு வேலையும் இருக்கு. உங்க ஊர்களில் தோல் வேலை தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பறைச் சட்டத்துக்கு எந்த மரம், தோல் ஒட்டப் புளியங்கொட்டைப் பசை எப்படிக் காய்ச்சுவது, மயிர் நீக்க எத்தனை நாள் சுண்ணாம்பில் ஊற வைப்பது, எந்தக் கோயிலுக்கு யார் தோல் கொடுத்தார்கள், எந்தக் கல்லில் வைத்துவிட்டு எவ்வளவு தூரம் தள்ளி நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்க. அந்தத் தூரத்தைக் காலடிக் கணக்கில் கேளுங்க, சொல்வார்கள். தோல் நாற்றம் பற்றி வெட்கப்பட்டு உங்க அப்பாக்கள் சொல்லாமல் விட்டதைத் தாத்தாக்களிடமும் ஆத்தாக்களிடமும் கேளுங்க. தோல் உரித்தது ஆண்கள் என்றால் அலசினதும் காயவைத்ததும் யாரென்று கேளுங்க, அந்த மருத நிழலில் உட்கார்ந்திருந்தவளைச் சேக்கிழாருக்கு அப்புறம் யாரும் எழுதலை. எழுதினதைத் தை மாதத்துக்குள் இதழுக்கு அனுப்பி வைங்க, எழுத்துப் பிழை பார்க்காமல் போடச் சொல்லியிருக்கிறேன்.

அவ்வளவுதான். கேள்வி இருந்தால் கேளுங்க, கடைசி பஸ் ஒன்பதே காலுக்குத்தான்.